கிளிஞ்சல்மேட்டு அஞ்சப்பன் மாத்திரை சாப்பிட்ட கதை

புதிதாக ஆஸ்பத்திரி ஓ.பி. ஹாலுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் டிகிரி முடித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் முடித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை, வைத்திருந்தாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து, முதலில் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன். பிறகு இந்த ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினேன். அப்புறம் வாசல் கேட். அதற்கப்புறம் ஓ.பி. ஹால். ஓய்வு பெறும்போது ஹாலுக்கே இன்சார்ஜ். யார் சிபாரிசும் கிடையாது, யார் காலிலும் விழவில்லை. பெரிய டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். ஹால் என் கையில்தான் இருந்தது. இன்றைக்கும் காரைக்கால் கடைத்தெருவில் நான் நடந்து போனால் ‘ஓ.பி. அண்ணே’ என்று கூப்பிடாமல் கடைக்காரர்கள் விடமாட்டார்கள். நம்பாதவர்கள் ஒருநாள் என்னோடு வந்து பார்க்கலாம்.

போன மாதம் உங்கள் ஹாலுக்கு வந்தேன். ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் டிவி பெட்டி மாதிரி ஒன்று நம்பரைக் காட்டுகிறது, ஒரு பொம்பளைக் குரல் நம்பரைப் படிக்கிறது. யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை. என் காலத்தில் நம்பர் கிடையாது. நான் வாசல்படியில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். என் குரல் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார். மர பெஞ்சுகள். ஒரு பெஞ்சில் நெல் அறுப்பு முடித்துவிட்டு வந்த கோட்டுச்சேரி ஆட்கள், பக்கத்தில் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு மீன்காரப் பெண்கள், அவர்களுக்கு எதிரே அத்தர் மணக்க வந்து உட்காரும் கடைத்தெரு மரைக்காயர்மார். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு வந்த கூட்டத்தில் தலை சுற்றி விழுந்தவர்கள் வேறு. மீன் வாடையும் அத்தரும் டெட்டாலும் கலந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அது நல்ல வாசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இல்லாத ஹால் எனக்கு ஹாலாகத் தெரியவில்லை.

வெளியே போகிற வழியில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று பொத்தான் வைத்திருக்கிறீர்கள். நோயாளிக்குத் திருப்தி என்றால் சிரிக்கிற முகத்தை அழுத்த வேண்டுமாம். எங்கள் காலத்திலும் நிர்வாகம் ஒரு பெட்டி வைத்தது. சீட்டில் ‘திருப்தி’, ‘திருப்தி இல்லை’ என்று இரண்டு கட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். என்னை வைத்துக்கொண்டு யார் ‘இல்லை’ என்று போடுவார்கள்? மாதாமாதம் என் ஹாலுக்குத்தான் பாராட்டு. அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவே செய்தது. ஆனால் திருப்தியும் மாத்திரையும் வேறு வேறு சங்கதி என்பதை இரண்டு ஆட்களை வைத்து நான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆள் ஒரு மரைக்காயர். ஜவுளிக்கடை வைத்திருந்தவர். சர்க்கரை வியாதி. உள்ளே நுழையும்போதே சண்டையோடுதான் நுழைவார், சாவை மௌத்து என்றுதான் சொல்வார்.

“என்னா ஓ.பி., நான் மௌத்தானதுக்குப் பொறவுதான் பேரைக் கூப்புடுவியளா?”

“உங்களுக்கு முன்னாடி பன்னெண்டு பேரு இருக்காங்க பாய்.”

“அவங்கள்லாம் மௌத்தா போவமாட்டாங்களா? அவங்களையாச்சும் கூப்புடுங்களேன்.”

ஃபேன் சுற்றவில்லை, பெஞ்சு ஆடுகிறது, டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாவற்றுக்கும் புகார். அவர் வந்தாலே ஹாலில் பாதிப் பேருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் நோன்பு மாதம் வருவதற்கு முன்னாலேயே வந்து, விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் எது, நோன்பு திறந்தபிறகு எது என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு மாத்திரை தவறமாட்டார். திருப்தி என்பதே அவர் அகராதியில் கிடையாது, வைத்தியம் மட்டும் கடிகாரம் மாதிரி நடந்தது.

இரண்டாவது ஆள் கிளிஞ்சல்மேட்டு அஞ்சப்பன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். கதையைச் சொல்லிக்கொள்ள அவனே சம்மதம் கொடுத்தான்.

அஞ்சப்பன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய சமயத்தில் இருமலோடு வந்தான். காச நோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்து. மருந்து ஜன்னலில் இருந்த பெரிய சிஸ்டர் அவனை உட்கார வைத்து எல்லாம் சொன்னார்கள்: நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் திரும்ப வரும், அப்புறம் இந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். ஒன்றுக்குப் போவது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை, பயப்படாதே என்றும் சொன்னார்கள்.

இந்தப் பெரிய சிஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. குள்ளமான ஆள், கோபமே வராது. நான் ஹாலில் சத்தம் போடும்போதெல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “தம்பி, அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, காது நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். என்னை யாரும் அடக்கியதில்லை. அவர்கள் அடக்கினார்கள்.

தடைக்காலம் முழுக்க அஞ்சப்பன் சரியாக வந்தான். படகெல்லாம் கரையில் கிடக்கிற காலம், அவனுக்கும் வேறு வேலை இல்லை. வந்தால் சத்தமே இருக்காது. பெஞ்சு கிடைக்காவிட்டால் சுவரோரம் நிற்பான். இருமல் நின்றது, உடம்பு தேறியது. “எப்படிடா இருக்கே?” என்றால், “ஒரு கொறையும் இல்லீங்கண்ணே, தெய்வம் மாதிரி பாத்துக்கிறீங்க” என்பான். தடை முடிந்து படகு போக ஆரம்பித்ததும், கடலிலிருந்து வந்த கையோடு நல்ல சங்கரா மீனாகப் பார்த்து ஒரு பையில் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவான். பெட்டியில் திருப்திச் சீட்டுப் போடுவதென்றால் முதல் ஆள் அவன்தான். மற்ற நோயாளிகளிடம் அவனைக் காட்டி, “நோயாளின்னா இப்படி இருக்கணும்” என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கடலுக்குப் போனால் திரும்ப ஐந்தாறு நாள் ஆகும். அத்தனை நாளைக்கும் மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது காலி அட்டையைக் கொண்டுவந்து சிஸ்டரிடம் காட்டுவான். காட்டச் சொன்னது சிஸ்டர்தான். அட்டையில் ஒரு மாத்திரை மிஞ்சியிருக்காது.

ஒருநாள் காலை. நல்ல கூட்டம். அஞ்சப்பன் சுவரோரம் நிற்கிறான். நான் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அவனைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். இருமி முடித்ததும் துண்டை அவசரமாக மடித்து இடுப்பில் செருகினான். தள்ளுவண்டி தள்ளிய காலத்திலேயே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் எதைக் காட்டுகிறான் என்று பார்க்கமாட்டேன், எதை மறைக்கிறான் என்று பார்ப்பேன். மறைக்க வேண்டிய துண்டு என்றால் அதில் ரத்தம் இருக்கிறது.

ஹாலில் குழந்தைகள் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். அங்கே வைத்துக் கூப்பாடு போட்டால் அரைமணியில் கிளிஞ்சல்மேடு முழுக்கத் தெரிந்துவிடும். நான் பக்கத்தில் போய், “அஞ்சப்பா, டாக்டரு ஒன்னைய மொதல்ல பாக்கணுங்கறாரு” என்று முகமூடியைக் கையில் கொடுத்துப் பின்வழியாக அழைத்துப் போனேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

டாக்டர் இளைஞர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். எக்ஸ்ரே எடுக்க வைத்து, அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“சாப்புடுறேங்க.”

“ஒரு நாள் கூட விடல?”

“விடலீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஓரமாக அழைத்து, நிலைமையை எனக்குப் புரியும்படி சொன்னார். மருந்து சாப்பிட்டும் நோய் ஏறுகிறது என்றால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். அதற்கு வேறு மருந்து, நீண்ட காலம், காது கேட்காமல் போவது வரை தொல்லைகள் உண்டு. சாப்பிடாமல்தான் ஏறுகிறது என்றால் பழைய மருந்தே போதலாம். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் போகிறார். “ஆனா அண்ணே, பரிசோதனை கிருமியைப் பத்தித்தான் சொல்லும். இவரு ஏன் இப்படி ஆனாருன்னு சொல்லாது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் மறுபடி இதே கதை ஆச்சுன்னா ஆளு மிஞ்சமாட்டாரு.”

அந்த நேரம் பார்த்து அவன் பெண்சாதி வேம்பு வந்து சேர்ந்தாள். கோட்டுச்சேரி பக்கம் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். புருஷனுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, கூடையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

“அண்ணே, நீங்க என்னா மாத்திரை குடுக்குறீங்க, சுண்ணாம்பா? ஒவ்வொரு தடவையும் எங்கையாலதான் பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்புறேன். காலி அட்டை எங்கிட்டதான் வருது. தின்ன மாத்திரையெல்லாம் எங்க போச்சு? இந்த மனுசன் நெஞ்செலும்ப எண்ணிடலாம் போல இருக்கு.”

“வேம்பு, மெதுவா.”

“என்னா மெதுவா? நீங்க மெதுவா மெதுவான்னுதான் ஆளு இப்படி ஆயிட்டாரு.”

அவள் பொய் சொல்லவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. அஞ்சப்பன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. “சாயங்காலம் போட்டு கெளம்புதுண்ணே. டிரைவருதான் கூப்புடுறாரு. நான் போவணும்” என்றான்.

விசைப்படகைப் போட்டு என்றும், அதை ஓட்டுகிறவரை டிரைவர் என்றும்தான் சொல்வார்கள். கடலில் அவர் சொன்னதுதான் சட்டம். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது எல்லாம் அவர் கையில்.

அவனைப் போக விட முடியாது. ரத்தமாக இருமுகிற ஆள், படகின் சின்ன அறையில் எட்டுப் பேரோடு படுத்துத் தூங்கப் போகிறான். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, “படகு ஓனர் நம்பரை வாங்கி நேரா சொல்லிடுங்க, முடிஞ்சு போச்சு” என்றார். எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது. ஜன்னலிலிருந்து எழுந்து வந்த பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்து, “சொன்னா முடிஞ்சுதான் போகும்” என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ துறைமுகத்துல வேலை பார்த்தவன். அவனைத் தனியா கூட்டிட்டுப் போ. மாத்திரை சாப்பிட்டியான்னு கேட்காதே. அதைத்தான் எல்லாரும் கேட்டாச்சு. படகுல ஒரு நாள் எப்படிப் போகும்னு கேளு” என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் அவனை உட்கார வைத்தேன். காற்று நன்றாக அடித்தது. நான் ஐஸ் ஏற்றிய காலத்துப் படகுகளைப் பற்றிப் பேசினேன். எந்தப் படகு எந்த ஓனருடையது, எந்த டிரைவர் எத்தனை வேகம் என்று எனக்குத் தெரியாதது இல்லை. அவனும் பேச ஆரம்பித்தான். எத்தனை மணிக்கு வலை விடுவது, யார் சமைப்பது, ஒரே சட்டியில் எல்லோரும் சாப்பிடுவது, ஒரே கேனில் தண்ணீர் குடிப்பது. சொல்லிக்கொண்டே வந்தவன், காலையில் எழுந்ததும் என்ன என்ற இடத்தில் நிறுத்தினான்.

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. படகில் கக்கூஸ் கிடையாது. எல்லோரும் படகோரம் நின்று கடலில்தான் போகவேண்டும். பக்கத்தில் ஒருவன் வலையை மடித்துக்கொண்டிருப்பான், ஒருவன் பல் விளக்கிக்கொண்டிருப்பான். மறைவு என்று ஒன்று இல்லை.

“கலரு தெரியுமேன்னு பயந்தியாடா?” என்றேன்.

முகமூடிக்கு மேலே கண் மட்டும் கலங்கியது.

“மொதத் தடவ போனப்ப சாப்பிட்டேண்ணே. வெள்ளப் பலகையில பட்டுச்சு, மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி ஆயிடிச்சு. கடத்தண்ணிய அள்ளி ஊத்துனேன். யாரும் பாக்கலன்னு நெனச்சேன். ஆனா தெனம் அப்படிப் பண்ண முடியுமா? பக்கத்துப் போட்டுல ஒருத்தனுக்கு இந்த இருமல்னு தெரிஞ்சு தட்ட தனியா வச்சிட்டாங்க. ஒரே தடவதான். அடுத்த தடவ அவனா வரலன்னு சொல்லிட்டான். கடல்ல தட்ட தனியா வச்சா எப்படிண்ணே இருக்கறது? சுத்திலும் தண்ணி, எங்க எந்திரிச்சுப் போறது?”

“அதான் மாத்திரைய?”

“கடல்ல இருக்கறப்ப ஒன்னொன்னா பிதுக்கித் தண்ணியில போட்டுருவேன். கரைக்கு வந்தா திரும்ப சாப்புடுவேன். சிஸ்டரு அட்ட கேக்குறாங்க, வேம்பு அட்ட கேக்குறா. அட்டய மட்டும் பத்திரமா வச்சுப்பேன்.”

“டாக்டரு கேட்டப்ப சொல்ல வேண்டியதுதானேடா. நாங்க என்னா கடிச்சா தின்னுடுவோம்?”

“நீங்கள்லாம் அவ்ளோ நல்லா பாத்துக்கிட்டீங்க. ஒங்க முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?”

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். திருப்தியில்லாத மரைக்காயர் எல்லாவற்றையும் எங்களிடம் கொட்டினார். திருப்தியான அஞ்சப்பன் எதையும் சொல்லவில்லை. நாம் நன்றாக நடந்துகொண்டதே அவனுக்கு வாய்ப்பூட்டாக இருந்திருக்கிறது.

உண்மை தெரிந்தது. ஆனால் பாதி வேலைதான் முடிந்தது. இன்றைக்குப் படகில் ஏறாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். “வயித்துவலின்னு சொல்லிடுறேண்ணே” என்றான். அப்படிச் சொன்னால் ஒரு தடவை தப்பலாம், அடுத்த தடவை? கூடவே டாக்டர் சொன்ன இன்னொன்று இருந்தது. அவனோடு ஒரே சட்டியில் சாப்பிட்டுத் தூங்கிய அத்தனை பேரையும் பரிசோதித்தாக வேண்டும். யாருக்காவது இருமல் தொடங்கியிருந்தால்? எட்டு வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன. அவனுடைய தட்டும் போகக்கூடாது, அந்த எட்டுப் பேரும் கெடக்கூடாது. என் வாழ்க்கையில் எத்தனையோ தகராறைத் தீர்த்திருக்கிறேன். ஓ.பி. ஹாலில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அடித்துக்கொண்டதைக் கூட நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அப்போது முன்வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். போனை எடுக்காததால் டிரைவரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். தோள் இரண்டும் கதவை அடைக்கிற மாதிரி ஆள். ஹாலுக்கு நடுவில் நின்று, “அஞ்சப்பன் எங்க? ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சு, இவரு மாப்புள மாதிரி ஆசுபத்திரியில ஒக்காந்திருக்காரா?” என்றார். பெஞ்சில் இருந்த கிளிஞ்சல்மேட்டு ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நேரே போய் அவர் கையைப் பிடித்தேன். “டிரைவரே, டீ சாப்புடுவோம் வாங்க.”

“டீ எல்லாம் வேணாங்க. ஆளு எங்க?”

“டீ சாப்புட்டா ஆளு எங்கன்னு சொல்றேன்.”

என் குரலில் என்ன கேட்டதோ, வந்தார். டீக்கடைக்குப் போகாமல் பின்பக்கம் கூட்டிப் போனேன். வேப்பமரத்தடியில் முகமூடியோடு அஞ்சப்பன். எதிரே டிரைவர். நடுவில் நான். அஞ்சப்பனைப் பார்த்து, “நீயா சொன்னாத்தான்டா உண்டு, நான் சொல்லமாட்டேன்” என்றேன். அவன் வாயைத் திறந்தான். “டிரைவரே, வயித்து...” என்று தொடங்கினான்.

டிரைவர் அவனை நிறுத்தினார். “அந்தச் செவப்பு மாத்திரையா?”

அஞ்சப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

“மொதத் தடவ பலகையில பாத்தேன்டா. நீ அவசரமா தண்ணி ஊத்துன. நான் டிரைவரு ரூம்புலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குத் தெரியாத கலரா அது? சுனாமி முடிஞ்சு தகரக் கொட்டகையில இருந்தோமே, அப்ப எனக்கு வந்துச்சு. கலரு தெரியக் கூடாதுன்னு எல்லாரும் தூங்குனப்பொறவுதான் எந்திரிச்சுப் போவேன். இன்னிவரைக்கும் ஏம் பொண்டாட்டியத் தவிர யாருக்கும் தெரியாது.”

“அப்ப ஏன் எங்கிட்ட ஒன்னும் கேக்கல?”

“கேட்டா நீ கூச்சப்பட்டு வேற போட்டுக்குப் போயிருவன்னு நெனச்சேன். அடுத்தடுத்த தடவ பாத்தேன், கலரு இல்ல. மருந்து முடிஞ்சிடிச்சு, பய தப்பிச்சிட்டான்னு சந்தோசப்பட்டேன்டா.” அவர் என்னைப் பார்த்தார். “முடியலயா?”

“கடல்ல போட்டுட்டான்” என்றேன்.

டிரைவர் அங்கேயே துவைக்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருமே ஒருவருக்கு ஒருவர் நல்லது நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த மௌனத்தில் ஒருவன் பாதி செத்துப் போயிருந்தான்.

அப்புறம் நான் மற்றதையும் சொன்னேன். எட்டுப் பேரையும் பரிசோதிக்க வேண்டும் என்றதும் அஞ்சப்பன் அவர் காலைப் பிடிக்கப் போனான். “வேணாம் டிரைவரே. சொல்லாதீங்க. என் தட்டு...”

“ஒன்னப் பத்தி நான் எதுக்குடா சொல்லப்போறேன்?” என்றார். “என்னப் பத்திச் சொல்லப்போறேன்.”

அன்றைக்குப் படகு கிளம்பவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, ஓனர் போனில் கத்தினார். டிரைவர் எதையும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை நான் ஹாலைத் திறக்கும்போது வாசலில் லுங்கியோடு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், டிரைவரையும் சேர்த்து. துறைமுகத்தில் படகுத் தளத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, தனக்கு நோய் வந்ததையும், யாருக்கும் தெரியாமல் ஒளிந்து ஒளிந்து மருந்து தின்றதையும் முதலில் சொன்னாராம். இத்தனை வருஷம் அவர் தட்டிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்ற ஆட்களால் என்ன சொல்லமுடியும்? அவர் பேசி முடித்ததும் பின்னால் நின்ற அஞ்சப்பன் தானாகவே முன்னால் வந்து, தன்னுடையதைச் சொன்னானாம். நான் அங்கே இல்லை. இருந்திருக்க ஆசை.

எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் நெஞ்சில் லேசான சந்தேகம் இருந்தது. அதையும் சீக்கிரமே பார்த்துவிட்டோம். அஞ்சப்பனின் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் தன் அறையிலிருந்து தானே எழுந்து வந்து பெரிய சிஸ்டரிடம் காட்டினார். பழைய மருந்துக்கே கட்டுப்படும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சளி சுத்தமாகும் வரை கரையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். “தப்பிச்சான்” என்று சிஸ்டர் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய் அடுத்த ஆளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஜன்னலில் காலி அட்டை கேட்பது நின்றது. அதற்குப் பதில், யார் வந்தாலும் சிஸ்டர் அவர்களுடைய ஒரு நாளைச் சொல்லச் சொல்வார்கள். அறுப்புக்குப் போகிறவளா, எத்தனை மணிக்குக் கஞ்சி? துபாயிலிருந்து மகன் வந்திருக்கிறானா, விருந்து எங்கே? வரிசை நகர நேரமாகும். ஜனங்கள் முணுமுணுப்பார்கள். பெட்டியில் ‘திருப்தி இல்லை’ என்ற சீட்டுகள் விழ ஆரம்பித்தன. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது. “விழட்டும் சார்” என்றேன். என்னைத் தவிர வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும்.

சளி சுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு அஞ்சப்பன் மறுபடி கடலுக்குப் போனான். முதல் தடவை போய்விட்டு வந்தவனைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

“என்னாடா, தட்டு?”

“தட்டெல்லாம் ஒன்னாத்தாண்ணே இருக்கு. வேற தொந்தரவு.”

“என்னா தொந்தரவு?”

“காலையில நான் ஓரமா போயி நின்னா போதும், வேலையப் போட்டுட்டு எல்லாப் பயலும் வந்து எட்டிப் பாக்குறானுங்க. கலரு சரியா இல்லன்னா டிரைவரு சோறு போடமாட்டேங்குறாரு.”